உடைந்த எஞ்சினின் சாட்சியம்

பழுதுபட்ட யந்திரம் ஒன்றைச் சீர்செய்வது ஒரு தொழில். அது எதனாற் பழுதுபட்டது என்று கண்டறிவது வேறொரு தொழில். முன்னதற்குக் கருவிகளும் கைப்பழக்கமும் போதும். பின்னதற்கோ நீதிபதியின் நிதானமும் மருத்துவனின் கூர்மையும் வேண்டும். நோயாளியாவது வாய்திறந்து தன் துன்பத்தைச் சொல்வான், யந்திரம் பேசாது. அது விட்டுச் செல்லும் தழும்புகளையும் நிறங்களையும் துகள்களையும் கொண்டே நடந்ததை நாம் ஊகித்தறிதல் வேண்டும். அவ்வாறு அறிய முற்பட்டோர் எவ்வளவு தூரம் வென்றனர், எவ்விடத்தில் அவர்களின் அறிவு எல்லை கண்டது என்பதைச் சிறியதொரு மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

1961ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17ஆந் திகதி, சுவீடன் நாட்டின் தென்பகுதியிலுள்ள கிறிஸ்டியான்ஸ்டாட் நகருக்கு அருகே உலக மோட்டார் சைக்கிள் வீரப் போட்டியின் ஓர் ஓட்டம் நடைபெற்றது. 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின்களுக்கான பிரிவில் அவ்வாண்டின் புள்ளிகளில் முன்னணியில் நின்றவர் கிழக்கு ஜேர்மனியரான ஏர்ண்ஸ்ட் டெக்னர். அவருக்கு அடுத்து, இரண்டே புள்ளிகள் பின்னே, ஹொண்டா நிறுவனத்தின் சைக்கிளைச் செலுத்திய அவுஸ்திரேலியரான ரொம் பிலிஸ் நின்றார். அவ்வாண்டு ஹொக்கன்ஹைமிலும் சாக்சன்ரிங்கிலும் மொன்சாவிலும் டெக்னர் முதலாவதாக வந்திருந்தார். சுவீடனிலோ ஓட்டம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் அவருடைய எம். இசட். சைக்கிளின் எஞ்சின் பழுதுற்று நின்றுவிட்டது. அன்று அவர் தம் குழுவினருடன் ஊர் திரும்பவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜேர்மனிக்குத் தப்பிச் சென்றார். அதே வார இறுதியில் அவருடைய மனைவியும் இரு குழந்தைகளும் ஒரு மோட்டார் வண்டியின் பின்பெட்டிக்குள் மறைந்திருந்து எல்லையைக் கடந்தனர். பேர்லின் நகரின் நடுவே மதில் எழத் தொடங்கி அப்போது ஐந்து வாரங்களே ஆகியிருந்தன.

கிழக்கு ஜேர்மனியர் தரப்பிலிருந்து உடனே ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. டெக்னர் எஞ்சினை வேண்டுமென்றே அளவுக்கு மீறிச் சுழலவிட்டு அழித்தார் என்பதே அது. ஓர் எஞ்சின் உடைந்தமைக்குக் காரணம் யாது என்ற வினா, ஒரு மனிதன் துரோகியா அல்லனா என்ற வினாவாக மாறிற்று. பட்டறை மேசைமீது வைத்து ஆராய வேண்டிய ஒரு செய்தி இரு வல்லரசுகளின் பகைக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது. அந்த வினாவை எடைபோடுமுன், அந்த எஞ்சின் எத்தகையது, அத்தகைய எஞ்சின்கள் எவ்வெவ்வாறு கெடுகின்றன என்பனவற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

சாக்சனி மாநிலத்தின் மலைப்பாங்கான பகுதியிலே சோப்பாவ் என்னும் சிற்றூர் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய ரஸ்முசன் என்பார் அங்கே நிறுவிய டி. கே. டபிள்யூ. தொழிற்சாலை, 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் உலகிலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையாக விளங்கிற்று. அதன் சைக்கிள்கள் இருவீச்சு எஞ்சின் பூட்டியவை. 1939ஆம் ஆண்டளவில் அங்கு உருவான ஆர். டி. 125 என்னும் எளிய சைக்கிளே பின்னர் இங்கிலாந்தின் பி. எஸ். ஏ. பான்டத்துக்கும், யப்பானில் 1955ஆம் ஆண்டு வெளிவந்த யமஹாவின் முதற் சைக்கிளுக்கும் மூலமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலை கிழக்கு ஜேர்மன் அரசின் உடைமையாகி, நாளடைவில் எம். இசட். என்ற பெயரைப் பெற்றது.

இருவீச்சு எஞ்சினில் நால்வீச்சு எஞ்சினில் உள்ளவை போன்ற வால்வுகள் இல்லை. எண்ணெய் தேங்கும் தொட்டியும் இல்லை. சிலிண்டரின் சுவரிலே உள்ள துவாரங்களைப் பிஸ்டனே மேலும் கீழும் சென்று திறந்து மூடுகிறது. பெற்றோலோடு கலந்த எண்ணெயே உட்பகுதிகளுக்கு வழவழப்பைத் தருகிறது. நால்வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரியும் கலவை, இங்கே ஒவ்வொரு சுழற்சியிலும் எரிகிறது. அமைப்பு எளிது, விலை மலிவு, ஆனால் வெப்பம் மிகுதி. பிஸ்டனுக்கு ஓய்வு என்பதே கிடையாது. குளிர்விக்க வரும் புதிய கலவைதான் அதன் எண்ணெயையும் சுமந்து வருகிறது. ஆகவே கலவை குறைந்தால் குளிர்ச்சி குறையும், எண்ணெயும் குறையும். இந்த எஞ்சினுக்கு வரும் நோய்களிற் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

சோப்பாவின் ஓட்டப் பிரிவை 1953ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவர் வால்ட்டர் காடன். போர்க் காலத்தில் விமானத் தொழிற்சாலையிலும் பீனமுண்டே ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றியவர் அவர். போர் முடிந்தபின் ஊர் திரும்பி மரவேலைத் தொழில் நடத்திக்கொண்டே, தாமே திருத்திய சைக்கிளில் பந்தயங்களில் ஓடியவர். அவரிடம் பெருஞ் செல்வம் இல்லை. பொருட்பஞ்சம் நிறைந்த நாட்டில் நல்ல உலோகமும் நல்ல பேரிங்கும் எளிதிற் கிடைக்கவில்லை. இருந்தும் பத்தாண்டுகளுக்குள் அந்தச் சிறிய எஞ்சினின் வலுவை அவர் ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். 1961ஆம் ஆண்டில் அவருடைய 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 10,800 சுழற்சியில் 25 குதிரைவலுவைத் தந்தது. ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு 200 குதிரைவலு என்னும் அளவு இது. மிகையழுத்தக் காற்றுச் செலுத்தாத எஞ்சின் ஒன்று அந்த அளவை எட்டியது அதுவே முதன்முறை.

இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 10,800 சுழற்சி என்றால் ஒரு விநாடிக்கு 180 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டன் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் நின்று திரும்ப வேண்டும். எனவே ஒரு விநாடிக்குள் 360 முறை அது நின்று திசைமாறுகிறது. 180 முறை அதன் தலைமீது தீ மூள்கிறது. அந்தப் பிஸ்டனைத் தாங்குவது விரல் நீளமும் இல்லாத ஊசியும், அதைச் சுற்றியுள்ள ஒரு சிறு பேரிங்கும். சுழற்சியின் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அந்த ஊசியையும் பேரிங்கையும் இழுக்கும் விசை பத்தில் ஒரு பங்கு மட்டும் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தின்படி நூற்றுக்கு 21 பங்கு கூடுகிறது. வலுவுக்கும் அழிவுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு குறுகியது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

காடனுடைய வெற்றி, பழுதுகளை அவர் வாசித்த முறையிலேயே அடங்கியிருந்தது. எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறலாம். இணைதண்டின் மேல்முனையிலே, பிஸ்டனுக்குள் அமைந்த சிறு பேரிங் வெப்பத்தாற் கருகிக் கெடுவது இத்தகைய எஞ்சின்களுக்கு வாடிக்கையான நோய். பேரிங் கெட்டது, ஆகவே இன்னும் வலிய பேரிங்கைப் பூட்டுவோம் என்பது எவருக்கும் தோன்றும் மருந்து. காடன் அதற்கு முந்திய வினாவைக் கேட்டார்: அந்த இடம் ஏன் இவ்வளவு சூடேறுகிறது? பிஸ்டனின் உட்குழிவிலே புதிய கலவை செல்லாது தேங்கி நிற்பதே காரணம் என்று கண்டார். பிஸ்டனின் சுவரில் ஒரு சாளரம் வெட்டி, புகை வெளியேறும் வழிக்கு எதிர்ப்புறத்தே மூன்றாவது கலவை வழி ஒன்றை அமைத்தார். குளிர்ந்த கலவை பிஸ்டனின் உட்புறத்தையும் பேரிங்கையும் தழுவிக்கொண்டு சிலிண்டருக்குள் ஏறிற்று. பேரிங் நிலைத்தது, அதனோடு எஞ்சினின் வலுவும் கூடிற்று. நோயின் முதலைக் கண்டவனுக்கு மருந்தும் ஊட்டமும் ஒருங்கே கிட்டின.

காரணத்தைப் பிழையாகக் கண்டால் குற்றமற்றது தண்டனை பெறும் என்பதற்கும் எஞ்சின் வரலாற்றிலே பழைய சான்றொன்று உண்டு. 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் வண்டிகளில் சாள்ஸ் கெற்றரிங் என்பார் ஆக்கிய மின்சாரத் தொடக்கியும் மின்கல எரிபற்று அமைப்பும் பொருத்தப்பட்டன. அவ்வண்டிகள் மேட்டில் ஏறும்போது எஞ்சினுள் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை கேட்டது. புதிதாக வந்தது மின்பொறி அமைப்பே ஆதலால், பொறி முந்தி எழுவதே ஓசைக்குக் காரணம் என்று பலரும் அதன்மீது பழி சுமத்தினர். கெற்றரிங்கின் ஆய்வுகூடத்தில் 1916ஆம் ஆண்டிற் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லி எஞ்சினுள் நிகழும் அழுத்தத்தை அளந்து பார்த்தார். பொறி உரிய நேரத்திலேயே எழுகிறது. அதன் பின்னர், எரியாது எஞ்சிய கலவை சுடரின் அழுத்தத்தைத் தாங்காமல் திடீரென ஒருங்கே வெடிக்கிறது என்பது தெளிவாயிற்று. எரிபொருளை மாற்றினால் ஓசையும் மாறிற்று. இங்கிலாந்திலே ஹரி ரிக்கார்டோவும் தனித்து ஆராய்ந்து இத்தகைய முடிவுக்கே வந்தார். குற்றவாளி எரிபொருள், மின்பொறி நிரபராதி.

அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக 1923ஆம் ஆண்டில் பெற்றோலுக்குள் ஈயக் கலப்பு புகுந்தது. ஓசை அடங்கிற்று, ஆனால் ஈயத்தின் நஞ்சு நகரங்களின் காற்றிலே கலந்தது. வீதியில் ஓடும் வண்டிகளுக்கான ஈயப் பெற்றோல் உலகெங்கும் ஒழிந்தது 2021ஆம் ஆண்டிலேதான். நோயைச் சரியாகக் கண்டவர்களும் மருந்திலே தவறக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, நின்றுபோன ஒரு சிறிய எஞ்சினைப் பிரித்து மேசைமீது பரப்பியபோது, பழகிய மெக்கானிக் எவ்வெவற்றைப் பார்க்கிறார் என்று காண்போம்.

முதலிற் கண்படுவது பிளக். அதன் வெண்களிமண் முனை தபால் உறையின் பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிதல் செம்மையாக நடந்ததென்பது பொருள். சாம்பல் வெளுப்பாகவோ கண்ணாடிபோலப் பளபளப்பாகவோ இருந்தால் கலவையில் பெற்றோல் குறைந்து வெப்பம் மிகுந்திருக்கிறது. ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் பெற்றோல் மிகுந்திருக்கிறது. முனையிலே நுண்ணிய அலுமினியத் துளிகள் மின்னினாலோ, பிஸ்டனின் தலையே உருகத் தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும். ஓட்டக்காரர்கள் முழுவேகத்தில் எஞ்சினை அணைத்து, கிளச்சை இழுத்துப் பிடித்து, சைக்கிளைத் தானாக உருளவிட்டு நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது இதற்காகவே. மெதுவாக ஓட்டிவந்து நிறுத்தினால் அந்த மெதுவான ஓட்டத்தின் நிறம் முந்திய சாட்சியத்தை மறைத்துவிடும்.

அடுத்தது பிஸ்டன். அது சிலிண்டரோடு உராய்ந்து இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தால், உராய்ந்த தழும்பு எப்பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பர். புகை வழியின் பக்கத்தில் மட்டும் தழும்பு இருந்தால், வெப்பத்தையோ எண்ணெய்க் குறைவையோ ஐயுறுவர். எஞ்சினில் மிகவும் சூடான பக்கம் அதுவே. நான்கு திசைகளிலும் ஒத்த தழும்புகள் இருந்தால், குளிர்ந்திருந்த எஞ்சினை உரிய நேரம் சூடேற விடாது விரட்டியிருக்கிறார்கள். சிலிண்டர் விரியுமுன் பிஸ்டன் விரிந்துவிட்டது. தலையின் நடுவே ஓரங்கள் உருகிய துவாரம் இருந்தால், பொறி எழுமுன்னரே ஏதோ ஒரு சூடான புள்ளி கலவையைப் பற்றவைத்திருக்கிறது. தலையின் விளிம்பு மணல் வீசியதுபோலப் பொள்ளியிருந்தால், மிட்ஜ்லி கேட்ட அந்தச் சுத்தியல் ஓசையே காரணம்.

கலவை ஏன் குறைந்தது என்பது மேலுமொரு வினா. காபரேற்றரின் சிறு துளை அடைபட்டிருக்கலாம். பெற்றோல் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துளை தூசியால் அடைத்து, பெற்றோல் இறங்காது நின்றிருக்கலாம். அல்லது கிராங்குத் தண்டு வெளிவரும் இடத்திலுள்ள றப்பர் அடைப்பு தேய்ந்து, அதன் வழியே வெளிக்காற்று களவாக உட்புகுந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. பிஸ்டனையும் சிலிண்டரையும் புதிதாக மாற்றி, அந்த அடைப்பை மாற்றாது விட்டவர்கள், சில நாட்களில் அதே பழுதோடு திரும்பி வருவர். பிஸ்டனை மாற்றியவர் விளைவை மாற்றினார், காரணத்தை மாற்றவில்லை.

மூன்றாவது பேரிங். நீலம் பாய்ந்திருந்தால் அது எண்ணெயின்றிச் சுட்டிருக்கிறது. நிறம் மாறாது, உருளைகளைப் பிடித்து நிற்கும் கூடு மட்டும் வெடித்திருந்தால், அளவுக்கு மிஞ்சிய வேகத்தையோ உலோகத்தின் களைப்பையோ ஐயுற வேண்டும். இங்கேதான் இருவீச்சு எஞ்சின் ஆராய்வோனை மயக்குகிறது. கிராங்குக் கூட்டுக்குள் உடைந்த ஒரு சிறு துண்டு அங்கேயே கிடப்பதில்லை. கலவையோடு சேர்ந்து மேலே ஏறி, பிஸ்டனுக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையே அகப்பட்டு, அனைத்தையும் நொறுக்கிவிடும். பிரித்துப் பார்ப்பவன் கண்ணுக்கு முதலிற் படுவது நொறுங்கிய பிஸ்டன். அதுவே குற்றவாளி என்று அவன் கருதுவான். உண்மையில் அது கடைசியாக உயிரிழந்தது. முதலில் உடைந்தது கீழே கிடக்கும் பேரிங்கின் கூடு.

ஆகையால் உடைந்த எஞ்சினின்முன் நிற்பவன் மூன்று வினாக்களை இவ்வரிசையிலேயே கேட்டல் வேண்டும். முதலில் உடைந்தது எது? அதனை உடைத்த விசை யாது? அந்த விசை ஏன் எழுந்தது? முதல் வினாவுக்கு விடை காணாது மூன்றாவதுக்குத் தாவுகிறவன், பெரும்பாலும் தன் மனத்தில் முன்னமே இருந்த விடையைத்தான் எஞ்சினுள்ளும் காண்பான்.

இந்த அறிவோடு கிறிஸ்டியான்ஸ்டாட்டுக்குத் திரும்புவோம். டெக்னர் மீது சாட்டப்பட்ட குற்றம், எஞ்சினை அளவுக்கு மீறிச் சுழலவிட்டார் என்பது. அளவுமீறிய சுழற்சியால் இத்தகைய எஞ்சின் உடையும் என்பதில் ஐயமில்லை. மேலே கூறிய கணக்கே அதற்குச் சான்று. ஆனால் அந்த எஞ்சின் குறுகியதொரு வேக எல்லைக்குள் மட்டுமே வலுவைத் தருவது. ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவிலும் கியரை மாற்றி மாற்றி அந்த எல்லையின் உச்சியிலேயே அதனை நிறுத்தி வைக்க வேண்டும். கியர் ஒரு கணம் தவறிவிழுந்தாலும் சுழற்சி எல்லையைத் தாண்டும். அதுவன்றி, உரிய எல்லைக்குள்ளே ஓடும்போதும், களைத்துப்போன பேரிங் ஒன்று தானாகவே உடையக்கூடும். இம்மூன்று வழிகளிலும் உடைந்த துண்டுகளின் தோற்றம் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியே இருக்கும். கை தவறிக் கியர் விலகியதையும், கை வேண்டுமென்று விலக்கியதையும் உலோகம் வேறுபிரித்துச் சொல்லாது.

ஆகவே எஞ்சினுக்கு வெளியேயுள்ள சான்றுகளை எடைபோட வேண்டியதாகிறது. குற்றஞ்சாட்டியோர் பக்கத்தில் வலுவான செய்தி ஒன்று உண்டு. யப்பானின் சுசுக்கி நிறுவனத்தோடு டெக்னர் முன்னரே உடன்பாடு செய்துகொண்டிருந்தார். குடும்பத்தின் தப்பும் அவருடைய தப்பும் ஒரே வார இறுதிக்கெனத் திட்டமிடப்பட்டிருந்தன. சுசுக்கியின் நிலையும் இதற்குப் பொருந்துகிறது. 1960ஆம் ஆண்டில் ஐல் ஒவ் மான் தீவின் ஓட்டத்துக்கு முதன்முறை வந்த அந்நிறுவனம், மறு ஆண்டும் அங்கு பரிதாபமாகத் தோற்றது. இருவீச்சு எஞ்சினின் மறைபொருளை அறிந்த ஒருவர் அதற்கு மிகவும் தேவைப்பட்டார்.

மறுபக்கத்தில் நிற்கும் செய்திகளும் குறைந்தனவல்ல. உலக வீரர் என்ற பட்டத்தோடு யப்பானுக்குச் செல்வது டெக்னருக்கு இலாபமே அன்றி நட்டமன்று. அதனைத் தாமே கெடுத்துக்கொள்ள அவருக்கு என்ன தேவை? மேலும், தப்பிச் சென்றபின், ஒக்டோபர் மாதத்தில் ஆர்ஜென்டீனாவில் நடைபெறவிருந்த இறுதி ஓட்டத்தில், இங்கிலாந்தின் ஈ. எம். சி. என்னும் வேறொரு இருவீச்சுச் சைக்கிளில் ஓடிப் பட்டத்தைப் பெற அவர் முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. பட்டத்தை வேண்டாமென்று எறிந்தவன் அதன் பின்னே கடல்கடந்து ஓடுவானா என்று கேட்பது நியாயமே. இன்னுமொன்று: காடனுடைய எஞ்சின் எந்நாளும் எல்லையின் விளிம்பில் நின்றே வென்றது. அவ்வாண்டு ஐல் ஒவ் மான் ஓட்டத்திலே புள்ளி பெற்ற முதல் ஆறு பேரில் எம். இசட். சைக்கிள் ஒன்றேனும் இல்லை. அங்கே அதன் தோல்விக்கு எவரும் துரோகத்தைக் காரணங் காட்டவில்லை.

இரு தரப்பையும் நிறுத்துப் பார்த்தால், டெக்னர் தப்பியோடத் திட்டமிட்டிருந்தார் என்பது உறுதி. ஆனால் தப்பியோடத் திட்டமிட்டதை எஞ்சினை உடைத்ததற்குச் சான்றாக்க முடியாது. ஒருவன் ஒரு செயலைச் செய்தான் என்பதனால், அதே நாளில் நிகழ்ந்த வேறொன்றையும் அவனே செய்தான் என்று தீர்ப்பளிப்பது பட்டறைக்கும் பொருந்தாது, நீதிமன்றத்துக்கும் பொருந்தாது. எஞ்சின் பழுதின் காரணத்தை எஞ்சினிலிருந்து அறியாமல், செலுத்தியவனின் அரசியலிலிருந்து அறிய முயன்றனர் என்பதே அந்தக் குற்றச்சாட்டின் குறை.

பின்னர் நிகழ்ந்தவை வரலாறு. ஆர்ஜென்டீனாவிலே ரொம் பிலிஸ் வென்றார். 44 புள்ளிகளோடு பட்டம் அவருக்கும் ஹொண்டாவுக்கும் கிடைத்தது. டெக்னர் 42 புள்ளிகளோடு நின்றார். பட்டம் பெற்ற பிலிஸ் மறு ஆண்டு ஜூன் மாதத்தில் ஐல் ஒவ் மான் ஓட்டத்திலே விழுந்து உயிரிழந்தார். டெக்னர் 1961ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானின் ஹமாமட்சு நகரை அடைந்து, காடனிடம் கற்றவற்றைச் சுசுக்கியின் பொறியியலாளருக்கு எடுத்துரைத்தார். 1962ஆம் ஆண்டில் புதிதாகத் தொடங்கிய 50 கன சென்ரிமீற்றர் பிரிவில் ஐல் ஒவ் மான் ஓட்டத்தையும் உலகப் பட்டத்தையும் சுசுக்கிக்காக வென்றார். 1949ஆம் ஆண்டில் உலக வீரப் போட்டி தொடங்கியதிலிருந்து இருவீச்சு எஞ்சின் ஒன்று பெற்ற முதற் பட்டம் அது. காடன் கனவு கண்ட பட்டம். ஆனால் காடனுக்குக் கிட்டாத பட்டம்.

அந்த அறிவு பிற யப்பானிய நிறுவனங்களுக்கும் பரவிற்று. 1975ஆம் ஆண்டில் 500 கன சென்ரிமீற்றர் என்னும் முதன்மைப் பிரிவின் பட்டமும் இருவீச்சு எஞ்சினுக்கே போயிற்று. இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை அங்கே அதுவே ஆட்சி செய்தது. 2002ஆம் ஆண்டில் முதன்மைப் பிரிவு நால்வீச்சுக்கு வழிதிறந்தது. 125 கன சென்ரிமீற்றர் பிரிவு 2011ஆம் ஆண்டோடு முடிவடைந்தது. தன் எண்ணெயைத் தானே எரித்துப் புகையாக வெளிவிடும் அந்த எஞ்சின், காற்றின் தூய்மையைப் பேணும் காலத்திற்கு ஏற்கவில்லை.

டெக்னரின் பிற்கால வாழ்வு இன்பமாக அமையவில்லை. 1962ஆம் ஆண்டு நவம்பரில் யப்பானின் சுசுக்கா ஓடுபாதையிலே அவர் விழுந்த வளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மறு ஆண்டு அதே பாதையில் விழுந்தபோது பெற்றோல் தாங்கி தீப்பற்றி, முகமும் உடலும் கொடுமையாக வெந்தன. 1983ஆம் ஆண்டில் தெனெரீபே தீவிலே அவர் காலமானார். காடனோ தம் ஊரை விட்டுச் செல்லவில்லை. மதில் வீழ்ந்ததையும், 1990ஆம் ஆண்டில் இரு ஜேர்மனிகளும் ஒன்றானதையும் கண்டு, 1996ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய கண்டுபிடிப்புகளாற் பொருளீட்டியோர் பலர். அவர் ஈட்டியது பெரும்பாலும் புகழ் மட்டுமே. தாம் ஆளாக்கிய ஓட்டக்காரர் தம் அறிவைக் கொண்டுபோய்ப் பிறருக்கு அளித்தார் என்ற வருத்தத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. மனைவி மக்களோடு அச்சமின்றி வாழ விரும்பியவர் என்ற பரிவுக்கு டெக்னருக்கும் உரிமை உண்டு. இவ்விரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்ளுவதற்கு, அந்த எஞ்சின் எவ்வாறு உடைந்தது என்ற வினாவுக்கு நாம் பொய்விடை கூற வேண்டிய தேவையில்லை.

நேயர்களே, வீதியோரத்தில் நின்றுபோன ஒரு சிறிய மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் பத்துப் பேர் கூடினால் பத்துக் காரணங்கள் பிறக்கும். விற்றவனைப் பழிப்பார் ஒருவர். பெற்றோலைப் பழிப்பார் மற்றொருவர். கடைசியாகத் தொட்ட மெக்கானிக்கைப் பழிப்பார் இன்னொருவர். அவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் பேசாது குனிந்து, பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார். எது முதலில் உடைந்தது என்பதை அவர் முதலிற் காண்பார். யார் உடைத்தார் என்பதைப் பற்றி, சான்று கிடைக்கும்வரை வாய்திறவார். எஞ்சினைப் பிரிக்கும் கைக்கு இருக்க வேண்டிய இந்தப் பொறுமை, மனிதரைத் தீர்க்கும் நாவுக்கும் இருக்குமாயின், உலகிலே வீண்பழிகள் பெரிதும் குறையும்.